ஒப்பமிட்ட நிகழ்வழைப்பு: 'சைன்ட் வெப்ஹூக்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

இலங்கை மலையகத்து ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இணைய வழி வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கடவுச்சொல் போட்டு உள்ளே வருவது, மறந்தால் மாற்றுவது, போனுக்கு ஓடிபி அனுப்புவது எல்லாவற்றையும் வெளியே உள்ள ஒரு அடையாள உறுதிப்பாட்டுச் சேவை பார்த்துக்கொள்கிறது. வரவுப் பதிவும் கட்டணக் கணக்கும் பாடக் குறிப்புகளும் டியூட்டரியின் சொந்த சேர்வரில் இருக்கின்றன. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தது அந்த வெளிச் சேவைக்குத்தான் முதலில் தெரியும். டியூட்டரி சேர்வருக்கு அதை யார் சொல்வது? அந்தச் செய்தியைக் கொண்டுவருவதுதான் வெப்ஹூக்.

'ஹூக்' நிரலாளர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் சொல். ஒரு மென்பொருள் ஓடும் பாதையில், மற்றவர்கள் தங்கள் நிரலை மாட்டிவிடுவதற்கென்று ஆங்காங்கே இடம் விட்டு வைப்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ஹூக். 2007இல் ஜெஃப் லின்ட்சே என்ற மென்பொருளாளர் அதை இணையத்துக்கு விரித்து 'வெப்ஹூக்' என்று பெயர் வைத்தார். இங்கே மாட்டிவைப்பது ஒரு முகவரியை. 'உன்னிடம் இன்னது நடந்தால் இந்த முகவரிக்குச் சொல்' என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், நடந்த உடனே அந்தச் சேவை அங்கே ஒரு எச்டிடிபி போஸ்ட், அதாவது இணையவழித் தகவல் கோரிக்கை, அனுப்பும்.

தோட்டங்களில் கடிதம் லயத்து வாசலுக்கு வராமல் தோட்ட ஆபீஸில் கிடப்பது நமக்குப் புதிதல்ல. வேலை முடிந்து நடந்துபோய் 'தபால் வந்திருக்கா?' என்று கேட்டால்தான் தெரியும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த வீடுகள் எத்தனையோ. சேர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'புதிதாக யாராவது சேர்ந்தார்களா' என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் அதே நடைதான். வெப்ஹூக் என்றால் கடிதம் வாசலுக்கே வந்துவிடுகிறது.

தமிழில் 'வலைக்கொக்கி' என்று நேராகப் பெயர்த்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலையையும் கொக்கியையும் சேர்த்துப் படித்தால் மீன்பிடிதான் நினைவுக்கு வரும். 'கொக்கி போடுவது' என்றால் கம்பியில் கள்ளத்தனமாகக் கரண்ட் எடுப்பது என்ற பொருளும் தமிழில் ஊறிப்போயிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அப்படியொரு பெயர் வேண்டாம். ஏதோ ஒரு நிகழ்வு நடக்கிறது, உடனே அழைப்பு வருகிறது. அதனால் 'நிகழ்வழைப்பு' என்றால் முதல் வாசிப்பிலேயே புரியும். பேச்சில் வெப்ஹூக் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். கையேட்டிலும் பிள்ளைகளுக்கான பாடக் குறிப்பிலும் நிகழ்வழைப்பு இருக்கட்டும்.

சரி, இனி 'சைன்ட்'. மொத்தச் சொல்லிலும் கனமான பகுதி இதுதான்.

டியூட்டரி கொடுத்த முகவரி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட எவரும் 'இந்தப் பயனரை நீக்கியாயிற்று' என்றோ, 'இவருக்கு ஆசிரியர் உரிமை கொடுத்தாயிற்று' என்றோ ஒரு போலி அழைப்பை அனுப்பலாம். சேர்வர் அதை நம்பினால், முகம் தெரியாத ஒருவர் ஆசிரியர் கணக்கோடு உள்ளே உட்கார்ந்திருப்பார். இதைத் தடுக்கத்தான் சேவை ஒவ்வொரு அழைப்போடும் ஒரு அடையாளத்தைச் சேர்த்து அனுப்புகிறது. பெரும்பாலான சேவைகள் அதற்கு எச்மேக் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. மிஹிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹியூகோ கிராவ்சிக் ஆகிய மூவர் 1996இல் முன்வைத்து, 1997இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்த முறை அது. சேவைக்கும் டியூட்டரிக்கும் மட்டும் தெரிந்த ஒரு இரகசியச் சாவி இருக்கும். செய்தியையும் அந்தச் சாவியையும் சேர்த்து ஷா-256 என்ற சுருக்கக் கணக்கு வழியாகக் கணக்கிட்டால் 64 பதினறும எழுத்துகள் கிடைக்கும். சேவை அதைச் செய்தியோடு வரும் தலைப்பில் ('ஹெடர்') வைத்து அனுப்புகிறது. பெறும் சேர்வர் தன்னிடம் உள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றானால் செய்தி உண்மை.

இதைக் 'கையொப்பம்' என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'ஒப்பு' எனக்கு மிகவும் பிடித்த வேர். ஒப்பிடு, ஒப்புக்கொள், ஒப்படை எல்லாம் அதிலிருந்து வந்தவை. எச்மேக்கில் நடப்பதும் இவைதான்: இரு தரப்பும் ஒரு சாவியை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன, வந்ததையும் தான் கணக்கிட்டதையும் பெறுபவர் ஒப்பிடுகிறார். ஆனால் 'கை' இதில் இல்லை. சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்த நம் பாட்டிமாரின் பெருவிரல் ரேகை அவர்கள் ஒருவருக்கு மட்டுமே உரியது. எச்மேக் சாவி இருவரிடம் இருக்கிறது. சேவை போட்ட அதே அடையாளத்தை டியூட்டரி சேர்வரும் போட முடியும். ஆகவே 'இதை அனுப்பியது நீதான்' என்று மூன்றாம் ஆளிடம் நிரூபிக்க அது உதவாது.

ஆபீஸ் கடிதங்களில் ஒப்பமும் கையொப்பமும் ஒரே பொருளில்தான் புழங்குகின்றன. கணினித் தமிழில் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இருவர் பகிர்ந்துகொண்ட சாவியால் போடுவதற்கு 'ஒப்பம்'. அனுப்புபவரிடம் மட்டுமே உள்ள தனிச் சாவியால் போட்டு, பொதுச் சாவியால் எவரும் சரிபார்ப்பதற்குக் 'கையொப்பம்'. அரட்டைச் சேவையான டிஸ்கார்ட் தன் செயலிகளுக்கு அனுப்பும் அழைப்புகளில் ஈடி25519 என்ற கையொப்ப முறை கொண்டு செய்வது இந்த இரண்டாவது வகை. நாம் பேசும் வழக்கமான வகைக்கு 'ஒப்பமிட்ட நிகழ்வழைப்பு' பொருந்தும்.

ஒப்பத்தைச் சுமந்துவரும் தலைப்புகளின் பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் அனுப்பும் அழைப்புகளில் 'எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256' என்று இருக்கும். அந்த 'ஹப்' கிட்ஹப்பைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பப்சப்ஹபப் என்ற பழைய நெறிமுறையிலிருந்து வந்த பெயர்.

ஒப்பம் போடுவது பைட்டுகளின் மேல், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எண்களின் மேல், பொருளின் மேல் அல்ல. தமிழில் பெயர் எழுதுபவர்களை இது நேராகவே பாதிக்கும். ஜேசன் என்ற தரவு வடிவில் வந்த செய்தியை முதலில் பிரித்து, அப்புறம் பிஹெச்பி என்ற நிரல் மொழியில் ஜேசன்_என்கோட் கட்டளை கொண்டு மறுபடி சேர்த்து, அதன் மேல் ஒப்பத்தைக் கணக்கிடும் நிரல்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் பெயர் போட்ட சோதனைக் கணக்குக்கு எல்லாம் சரியாக வந்துவிடக்கூடும். 'மகேஸ்வரி' என்று ஒரு பிள்ளை தமிழில் பதிந்தால் ஒப்பம் பொருந்தாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் மூன்று பைட்டாக வந்த 'ம', அந்தக் கட்டளையின் இயல்பான அமைப்பில் பின்சாய்கோடு, யூ, 0, பி, ஏ, இ என்று ஆறு பைட்டாக மாறிவிடும். பொருள் அதேதான், பைட்டுகள் வேறு. எனவே வந்த செய்தியை வந்தபடியே, பிரிக்கும் முன், கையில் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். சோதனைக் கணக்கில் ஒரு தமிழ்ப் பெயராவது இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஒப்பிடும் விதமும் முக்கியம். சாதாரணச் சமக்குறி முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடலாம். எடுத்த நேரத்தை அளந்து, சரியான ஒப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊகிக்க அது வழிவிடும். பிஹெச்பியில் ஹாஷ்_ஈக்வல்ஸ், பைத்தானில் கம்பேர்_டைஜெஸ்ட் இதற்கென்றே இருக்கின்றன.

உண்மையான அழைப்பு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளைக்கு மறுபடி அனுப்பினால் ஒப்பம் அப்போதும் பொருந்தும். அதனால்தான் நேரத்தையும் சேர்த்து ஒப்பமிடுகிறார்கள். ஸ்டாண்டர்ட் வெப்ஹூக்ஸ் என்ற பொது வரையறையில் அழைப்பின் அடையாள எண், நேரம், செய்தி ஆகிய மூன்றையும் புள்ளி வைத்து இணைத்து அதன் மேல் ஒப்பம் போடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதைத் தள்ளிவிடுவது பரவலான வழக்கம். காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் கரண்ட் போய் சேர்வர் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சேவை திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் நேரமும் ஒப்பமும் புதிதாக வரும், அடையாள எண் மட்டும் மாறாது. ஆகவே அந்த எண்ணைப் பதிந்து வைத்து, ஏற்கெனவே பார்த்ததென்றால் 'சரி' என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டால், ஒரே பிள்ளை இரண்டு முறை பதிவாவதும் நின்றுவிடும்.

சாவியை நிரலுக்குள் எழுதி வைக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் அது தெரிந்துவிட்டால், அல்லது அதை அறிந்தவர் வேலையை விட்டுப் போனால், அன்றே மாற்ற வேண்டும். மாற்றும் இடைவெளியில், ஸ்டாண்டர்ட் வெப்ஹூக்ஸ் வரையறைப்படி நடக்கும் சேவை பழைய சாவியாலும் புதிய சாவியாலும் இரண்டு ஒப்பங்கள் போட்டு, இடையில் ஒரு வெற்றிடம் விட்டு, ஒரே தலைப்பில் அனுப்பும். அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் நிரல் பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நின்றால், சாவி மாறும் அன்று உண்மையான அழைப்புகளும் திருப்பி அனுப்பப்படலாம்.