மூட்டை வாயும் இரைப்பைத் தையலும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஜவ்வரிசி மூட்டை தைக்கும் பெரியவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். சாக்கின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து, கோணி ஊசியைச் செருகி, சணலை இழுத்தார். "ஓவரா இழுத்தா சாக்கே கிழிஞ்சிருமுங்க" என்றார். எடை குறைப்புக்கான ஸ்லீவ் ஆபரேஷனில் சர்ஜன்களுக்கும் இதே கவலைதான்.

வாய் வழியாகச் சுமார் 12 மி.மீ. தடிமனுள்ள குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை ஒட்டியே இரைப்பையை நெடுக வெட்டுகிறார்கள். முக்கால் பங்கு வெளியே போய்விடும். மிஞ்சுவது வாழைக்காய் போல ஒரு குழல். வெட்டுவதும் தைப்பதும் ஸ்டேப்ளர்தான். ஒரு முறை இயக்கினால் டைட்டானியம் பின்கள் ஆறு வரிசையாக இறங்கும், நடுவில் கத்தி ஓடும். பின் தட்டையாக நசுங்குவதில்லை. ஆங்கில 'B' எழுத்தாக மடிகிறது. அந்த இரண்டு கண்களுக்குள் ரத்தம் ஓடுவதால்தான் விளிம்பு உயிரோடு இருந்து ஆறுகிறது.

சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் சுவர் கீழே தடிமன், மேலே மெல்லிசு. பின் பொருந்தாத இடத்தில் ரத்தம் கசியும். தையல் விட்டால் உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் ஒழுகும். அதனால் தையலுக்குப் பலம் சேர்க்கிறார்கள். பின் வரிசைமேல் நூலால் மறுபடி தைப்பது ஒரு வழி. செலவு குறைவு, ஆனால் இழுத்துத் தைத்தால் குழல் குறுகிவிடும். ஸ்டேப்ளரின் தாடையிலேயே பட்டையை மாட்டி, பின்கள் அதையும் துளைத்து இறங்கச் செய்வது இன்னொன்று: சாக்கு வாயின் மடிப்பு மாதிரி. பட்டை மாட்டின் இதய உறையில் செய்ததாக இருக்கலாம், உடம்பில் கரையும் பாலிமராகவும் இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினால் ஆன பசையைத் தடவுவதும் உண்டு.

எது நல்லது? 2014-இல் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒழுகல் கரையும் பட்டையில் 1.09 சதவீதம், மறுதையலில் 2.04, எதுவும் இல்லாமல் 2.6, மாட்டு உறையில் 3.3. சரி, கரையும் பட்டைதான் என்று முடித்துவிடலாமா? 2016-இல் வெளியான, அமெரிக்காவில் ஏறக்குறைய 1.9 லட்சம் பேரின் பதிவுகள் வேறு மாதிரி பேசின. பலம் சேர்த்தவர்களுக்கு ஒழுகல் 0.96 சதவீதம், சேர்க்காதவர்களுக்கு 0.65. ரத்தக்கசிவு மட்டும் 1.00-இலிருந்து 0.75-ஆகக் குறைந்திருந்தது. இது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல என்பதால் இதையும் முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனாலும் பட்டை ரத்தத்தைக் கட்டுப்படுத்தும், ஒழுகலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்றே எனக்குப் படுகிறது.

காரணம், பெரும்பாலும் ஒழுகுவது உச்சியில், உணவுக்குழாய் சேரும் இடத்தருகே. அங்கே சுவர் மெல்லிசு, ரத்த ஓட்டமும் குறைவு. குழலின் நடுவில் உள்ள வளைவு குறுகினால் உள்ளே ஏறும் அழுத்தம் அங்கேதான் முட்டும்.

ஒழுகல் பல சமயம் வீடு திரும்பிய பிறகே தெரியும். நாடி விடாமல் வேகமாக அடித்தால், காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் உடனே ஓட வேண்டும். ஏற்காட்டிலிருந்து வந்து செய்துகொள்பவர்கள் முதல் இரண்டு வாரம் சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். நடுராத்திரியில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர நேரம் இருக்காது.