ஐம்பது வயதுக் காரா? பட்டி பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

பழைய ஹெரால்டையோ ஃபியட்டையோ லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்துவிட்டு, கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலக வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஐம்பது ஆண்டு தாண்டிய பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் வாகனப் பதிவு 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்கான கார், இரு சக்கர வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. பின்னணி இவ்வளவு போதும்.

ஐம்பது ஆண்டு என்பது கார் தயாரான வருடத்திலிருந்து அல்ல, முதன்முதலில் பதிவான தேதியிலிருந்து. விற்பவர் சொல்லும் 'மாடல்' வருடத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கார் கம்பெனியிலிருந்து வந்து இரண்டு வருடம் கழித்துப் பதிவாகியிருந்தால், நீங்களும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த நிபந்தனையில். சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் எத்தனை அம்பாசடர்களுக்கு மெட்டடார் எஞ்சின் ஏற்றினார்கள்! அது ஆர்.சி.யில் ஏறியிருக்காது. பந்தயத்துக்காகக் கூரையை வெட்டி உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைத்த காரை இந்தப் பதிவுக்குக் கொண்டுபோவது வீண். அதை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுங்கள், சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

டிங்கரிங் வேலைக்கு விடும் முன் சேசிஸ் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். துருவைத் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். பட்டிக்கும் பெயின்டுக்கும் அடியில் அந்த எண் மறைந்துவிட்டால், சோதிக்க வரும் அதிகாரிக்கு உங்கள் கார் யாருடையதோ ஒரு கார்.

விண்ணப்பம் படிவம் 20. காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியென்றால் சுங்கத்துறை ஆவணம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். 60 நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. கவுன்டரில் கிடைக்கும் பதில் வேறு: "கம்ப்யூட்டரில் உங்கள் எண்ணே இல்லை." எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய பதிவுகள் பல கணினியில் ஏறவே இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியது அவர்கள் வேலை. அலைய வேண்டியது மட்டும் நாம்! பதிவான அலுவலகத்தையே பிடித்து, பழைய பதிவேட்டின் சான்றளித்த நகலை எழுத்துமூலம் கேளுங்கள். "விண்டேஜ் வண்டிகளைச் சோதிக்கும் குழு இன்னும் கூடவில்லை" என்று சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த 60 நாள் எந்த நாளில் தொடங்கியது என்று உங்களால் காட்ட முடியாது. உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்றுங்கள்.

புரோக்கர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஆர்.சி. உயிரோடு இருந்தால் அந்தப் பதிவையே சாதாரணமாகப் புதுப்பிப்பது மேல். இறக்குமதி அல்லாத, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் அதற்குக் கட்டணம் 10,000 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். பத்தாண்டுக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே பணம்தான். சாதாரணப் பதிவில் கோயிலுக்கும் போகலாம், கடைத்தெருவுக்கும் போகலாம்.

காப்பீட்டையும் புரட்டிப் பாருங்கள். வழக்கமான கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை ஓட்டம் எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். ரேலிக்குத் தனி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் பிரிவு) உண்டு; ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். ரேலிக்குப் புறப்படும் முன் கேட்டு, பாலிசியில் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.