எண்ணெயே தொடறதில்லீங்க, அப்புறம் ஈரல்ல கொழுப்பு எப்படிங்க?

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான். "எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போறதில்லீங்க டாக்டர், கறி கூட ஞாயித்துக்கிழமை மட்டுந்தானுங்க, ஈரல்ல கொழுப்புன்னு எழுதியிருக்காங்களே, எப்படிங்க?" கேட்பவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம், கோபிப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் பெரியவராகவும் இருக்கலாம். அவர்கள் பொய் சொல்வதில்லை, எண்ணெய் உண்மையிலேயே குறைவுதான். உடம்பில் சேரும் கொழுப்பு சாப்பிட்ட கொழுப்பிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

இட்லி, சோறு, சந்தகை, களி எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்கு வருகிறது. இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். வெறும் வயிற்றில், நல்ல ஆரோக்கியமான ஒருவருடைய மொத்த ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நூறு கிராம் அரிசி வடித்த சோற்றில் மாவுச்சத்து மட்டும் 75 கிராமுக்கு மேல் இருக்கிறது. நம்மூரில் மதியச் சாப்பாட்டுக்கு நூறு கிராம் அரிசியோடு நிறுத்துகிறவர் யார்? ஒரு ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்துக்குப் பதினைந்து இருபது ஸ்பூன் வந்து சேர்கிறது, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உடம்பு அதை எங்காவது எடுத்து வைத்தாக வேண்டும். கணையத்திலிருந்து சுரக்கும் இன்சுலின்தான் அந்த வேலையை நடத்துகிறது.

முதலில் அந்த நேரத்துச் செலவுக்குப் போகும். சும்மா படுத்திருந்தாலும் செலவு உண்டு; இதயம், மூளை, சிறுநீரகம், உடம்புச் சூடு என்று நாள் முழுக்க ஆகும் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. மூளை மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். மிச்சமானது கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. 1857இல் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை ஈரலிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். ஈரலில் சுமார் 100 கிராம், உடம்பு முழுக்க இருக்கும் தசைகளில் சுமார் 400 கிராம், அவ்வளவுதான் கொள்ளளவு. இரண்டையும் சேர்த்தால் 2,000 கலோரி, ஒரு நாள் பிழைப்புக்குத்தான் வரும்.

நான் எல்லோரிடமும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிற விஷயம் அடுத்ததுதான். ஈரல் தன் சேமிப்பை எல்லோருக்கும் கொடுக்கும். ராத்திரி நாம் தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை விட்டுக்கொண்டிருப்பது அதுதான். தசை அப்படிக் கொடுக்காது, ஏனென்றால் கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி வெளியே ரத்தத்துக்குள் அனுப்பத் தேவையான நொதி தசையில் இல்லை. தொடைத் தசையில் போய் உட்கார்ந்த மாவுச்சத்து அந்தத் தொடை வேலை செய்தால்தான் குறையும். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய தசை நேற்று நிறைந்தது நிறைந்தபடியே இருக்கிறது, அதன் மேல் மதியச் சோறு வருகிறது, அப்புறம் நாலு மணிக்கு டீயும் வடையும் வருகிறது, பொழுதோட மறுபடி டிபன். எங்கே வைப்பது?

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரிகிறது. வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்காமல் விட்டால் தண்ணீர் நிற்கவா செய்யும், வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போகும். தசை என்ற வயல் நிறைந்துவிட்டால் மிச்சம் ஈரலுக்குத் திரும்புகிறது. ஈரல் தன் பங்கு கிளைகோஜனும் நிறைந்த பிறகு அதைக் கொழுப்பாக மாற்ற ஆரம்பிக்கிறது. அதில் ஒரு பகுதி டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏறும், ஒரு பகுதி ஈரலிலேயே தங்கும். எண்ணெய் தொடாதவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சுமாராக இருந்து டிரைகிளிசரைடு மட்டும் எகிறியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், அடிக்கடி பார்க்கிறேன். இது போக, உடம்பு மாவுச்சத்தை எரிப்பதில் மும்முரமாக இருக்கும்போது கொழுப்பைக் கிட்டத்தட்ட தொடாது. தாளிப்புக்கு விட்ட கொஞ்சம் எண்ணெயும் தேங்காயும் நேராகச் சேமிப்புக்குப் போய்விடும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு தாங்காத அளவுக்கு நிறைந்துவிட்டாலோ அங்கிருந்தும் வழிந்து ஈரலுக்கு வரும், உண்மையில் ஈரலில் படிவதில் பெரும்பங்கு இப்படி வருவதுதான்.

கொழுப்புச் சேமிப்புக்கு எல்லை என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி அடங்கும். 15 கிலோ கொழுப்பு உள்ள சாதாரண மனிதர் ஒரு லட்சம் கலோரிக்கு மேல் சுமந்துகொண்டு நடக்கிறார். பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடு இது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிளைகோஜன் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவுமுறை ஆரம்பித்த முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும், அதற்காக வெசனப்பட வேண்டியதும் இல்லை.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இந்த ஃபிரக்டோஸில் பெரும்பகுதியை ஈரல்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது, அளவு மீறினால் கொழுப்பாக மாற்றுவதில் அது படுவேகம். "வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிட்டேனுங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு, ருசியில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் முக்கால்வாசிக்கு மேல் இருப்பது அதே சுக்ரோஸ்தான், ஈரலுக்கு நிறம் தெரியாது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கலோரி, தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் ஐந்து டீ குடித்தால் சர்க்கரையிலேயே 200. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"நான் ஒல்லியாத்தானுங்களே இருக்கேன்" என்பவர்களுக்கு ஒரு போட்டோவைப் பற்றிச் சொல்வேன். 2004இல் லான்செட் இதழில் வந்தது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்திய உடம்பில் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள் சீக்கிரம் சேர்கிறது. அதனால் எடை மெஷினைவிட நான் இஞ்சு டேப்பை நம்புகிறேன். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது, பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம்.

இந்த இடத்தில் யாராவது "அந்தக் காலத்துச் சாப்பாடு" என்று ஆரம்பிப்பார்கள். கம்பும் ராகியும் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு, ராகியில் கால்சியம் உண்டு. ஆனால் ராகியிலும் எழுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் மாவுச்சத்துதான். களி சாப்பிட்டதால் மட்டும் நம் தாத்தா ஒல்லியாக இருக்கவில்லை. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்து, மண்வெட்டி பிடித்து, சந்தைக்கு நடந்து போய் வந்த உடம்பில் பொழுது சாயும்போது தசையில் இடம் காலியாக இருந்தது, ராத்திரிக் களிக்கு அங்கே இடம் கிடைத்தது. ஸ்கூட்டரில் போய் ராகி மாவு வாங்கி வந்து ஏழு உருண்டை சாப்பிட்டால் அந்தக் கணக்கு சரியாக வராது.

"வயசாயிருச்சுங்க, மெட்டபாலிசம் குறைஞ்சு போச்சு" என்பதும் தினமும் கேட்கிற ஒன்று. 2021இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, ஆறாயிரம் பேருக்கு மேல் அளந்து பார்த்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் இருபது வயதிலிருந்து அறுபது வயது வரை ஆற்றல் செலவு அப்படியே இருக்கிறது என்று சொன்னது. நாற்பதில் குறைவது நம் தசையும் நடமாட்டமும்தான்.

சரி, என்ன செய்வது? பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டேன். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது நடக்கும். சாப்பிட்டவுடன் கட்டிலில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சோற்றுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைவதை வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது எல்லாம் கையை ஆட்டுவதைவிட அதிகம் பலன் தரும். தட்டில் ஒரே ஒரு மாற்றம் சொல்வதென்றால், அரிசிம்பருப்புச் சாதம் செய்யும்போது அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். கூடவே கொள்ளு, தட்டப்பயறு, முட்டை. புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும், மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10தான். வயிறும் சீக்கிரம் பசிக்காது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனால் எடை குறையுமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். எட்டு மணி நேரம் நடந்தால் 1,600 கலோரிக்குப் பக்கம் செலவாகும், தசையின் கிளைகோஜன் நன்றாகவே குறையும், கொழுப்பும் எரியும். வழி நெடுக அன்னதானப் பந்தல்கள் இருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. முருகனைப் பார்க்கப் போங்கள், எடைக்கு ஊருக்குத் திரும்பிய பிறகும் நடங்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், குறிப்பாகப் புரட்டாசிச் சனிக்கிழமையும் கிருத்திகையும் விரதம் இருப்பவர்கள். ஈரலில் இருக்கும் 100 கிராம் கிளைகோஜன் ராத்திரியிலேயே பாதிக்குக் குறைந்துவிடும், சாப்பிடாமல் இருந்தால் ஒரு நாளில் அநேகமாகக் காலி. அதன் பிறகு ஈரல் புரதத்திலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் புதிதாகச் சர்க்கரை செய்து சமாளிக்கும். ஆனால் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சர்க்கரை சரிந்துவிடும். வெறும் வயிற்றில் சரக்கு அடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஆல்கஹால் ஈரல் புதுச் சர்க்கரை செய்வதையே தடுக்கும், பக்கத்தில் இருப்பவர்களும் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது தெரிந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பார்த்துவிட்டு இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி, சரியானதும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார்.