ஒருவருக்கு டிபி என்றால் வீட்டோடு வாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு கொத்தனார் வந்தார். சளியில் கிருமி இருந்தது. "வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்றேன். "யாருக்கும் இல்லைங்க டாக்டர்." எங்கள் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்த்தபோது, திண்ணையில் அவருடைய அம்மா படுத்திருந்தார். பக்கத்தில், துப்புவதற்கு மண் போட்ட கொட்டாங்கச்சி. வயசானால் இருமல் வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்களாம். அவருக்கும் டிபி. அதே பாயில் அவரோடு தூங்கும் பேத்திக்கு நான்கு வயது.

இப்படி வீடு தேடிப் போகும் வழக்கம் நூற்றாண்டுக்கும் பழையது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அந்த ஆண்டு பட்டம் பெற்ற ஸ்காட்லாந்து டாக்டர் ராபர்ட் பிலிப், வியன்னாவில் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1887இல் எடின்பரோவில், பேங்க் தெருவில், காசநோய்க்கென்றே ஒரு டிஸ்பென்சரி தொடங்கினார். உலகிலேயே அதுதான் முதல்.

நோயாளி வந்துபோனால் நர்ஸ் அவர் வீட்டுக்குப் போவார். எத்தனை பேர், யார் யாரோடு படுக்கிறார்கள், ஜன்னல் திறக்கிறதா, சளியை எங்கே துப்புகிறார் என்று பார்ப்பார். அப்புறம் குடும்பத்தையே பரிசோதனைக்கு அழைப்பார்கள். 1907இல் அந்த நகரம் காசநோயாளிகள் விவரத்தைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 1910இல், தேறி வந்தவர்கள் உடம்புக்கு ஏற்ற வேலை செய்யப் பண்ணையும் வந்தது.

இத்தனையும் மருந்தே இல்லாத காலத்தில்! ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்தான். அதுவரை ஓய்வும் நல்ல காற்றும் சத்துள்ள சாப்பாடும்தான். இருந்தும் ஒரு நோயாளியோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. இன்று மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, நாம் வீட்டாரைக் கூட்டிவரத் தயங்குகிறோம். எனக்கு அதுதான் வேதனை.

தயக்கத்துக்குக் காரணம் பயம். டிபி என்றதும் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த நோய் காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில், அதாவது டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனையில், சேர்ந்தவர்களைப் போலவே தேறினார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. ஏற்கெனவே தொற்றியிருந்தால் அது மருந்து தொடங்கும் முன்பே நடந்திருக்கும். அதனால்தான் உடனே வரச் சொல்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சாயங்காலக் காய்ச்சலா, எடை குறைகிறதா? அரசு மருத்துவமனையில் சளி கொடுங்கள், காசு வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இருமல் இல்லாவிட்டாலும் கூட்டிவாருங்கள்.

அந்தப் பேத்திக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து மட்டும் கொடுத்துவருகிறோம். மாதாமாதம் பாட்டியோடு வந்து, எடைமிஷினில் முதல் ஆளாக ஏறி நிற்கிறாள்.