பாடப் பட்டியலை முதலில் கேளுங்கள்

போன ஆகஸ்டில் ஓர் அம்மா மகளோடு வந்தார். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பான ஐஜிசிஎஸ்இ முடித்த பெண். பதினொன்று, பன்னிரண்டுக்கான சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி டிப்ளமாவில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. "நீட் கோச்சிங் எங்கே சார் சேர்க்கலாம்?" என்று கேட்டார். எடுத்திருந்த பாடங்களைப் பார்த்தேன்: ஆங்கிலம், பிரெஞ்சு, பொருளாதாரம், இயற்பியல், வேதியியல், கணிதம். உயிரியலைக் காணோம்.

சென்னையில் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எந்த போர்டு உசத்தி என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை என்னென்ன பாடம் எடுக்க முடியும் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

ஐபி டிப்ளமாவில் ஆறு பாடங்கள். இரண்டு மொழி, பொருளாதாரம் மாதிரி ஒரு சமூக அறிவியல் பாடம், ஓர் அறிவியல், கணிதம், ஆறாவதாக ஒரு கலை. கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம். ஆக, இரண்டு அறிவியல்தான். மருத்துவத்துக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றாவதுக்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். சேரப்போகும் படிப்புக்கு அது கட்டாயம் என்று காட்டி, ஐபி அமைப்பிடம் பள்ளி தனி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தானாக முன்வந்து சொல்லும் பள்ளி குறைவு. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் இந்தக் கட்டு இல்லை. மூன்று அறிவியலும் எடுக்கலாம். ஆனால் அந்த மூன்றோடு நிறுத்தி ஆங்கிலத்தை விட்டுவிடுகிறார்கள். நீட் தகுதிக்கு ஆங்கிலமும் கணக்கில் வரும்.

அப்புறம், காலக்கணக்கு. ஐபி மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். இங்கே அதற்குள் பல கல்லூரிகளில் சேர்க்கை பாதி முடிந்திருக்கும். கேம்பிரிட்ஜில் இந்தியாவுக்கு மார்ச் தேர்வு இருப்பதால் மே மாதமே முடிவு கையில் இருக்கும்.

ஐபி மோசம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகுவது சின்ன விஷயமா? வெளிநாட்டுப் படிப்புதான் என்று முடிவாகிவிட்டால் நானே அதைத்தான் சொல்வேன். நீட்டுக்கும் தயாராக வேண்டும் என்றால்தான் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, எல்லாம் சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டி.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஒன்று கவனியுங்கள். ஐஜிசிஎஸ்இ கணிதத்தில் 'கோர்' (அடிப்படை), 'எக்ஸ்டெண்டட்' (விரிவானது) என்று இரண்டு உண்டு. கோர் எடுத்தால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'-க்கு மேல் கிரேடு கிடைக்காது. இன்னொன்று, வாசல் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தாலும் உள்ளே நடப்பது பல இடங்களில் சிபிஎஸ்இ-தான். ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டுமே அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன. அதில் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பொருளாதாரத்தை விட்டு உயிரியல் எடுக்க அனுமதி கேட்கலாம் என்றேன். பள்ளி இழுத்தடித்தது. செப்டம்பரில் வேறு பள்ளியில் சிபிஎஸ்இ பதினொன்றில் சேர்ந்துவிட்டாள். முதல் பருவத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை.