பக்: ஐஸ் ஹாக்கியின் வட்டு

ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே பிடிபடாது, ஏனென்றால் எதைத் துரத்திக்கொண்டு இத்தனை பேர் முட்டி மோதுகிறார்களோ அதுவே கண்ணில் படாது. அதன் பெயர்தான் பக். கெட்டியான கறுப்பு ரப்பர் வில்லை. விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். மட்டையில் பிடிமானம் கிடைக்கட்டும் என்று ஓரம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பாக இருக்கும். ரப்பர் என்றால் துள்ளும் இல்லையா, அதனால் பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் இதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்துவிடுகிறார்கள். உறைந்தால் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பந்தை விட்டுவிட்டு ஏன் தட்டையான வில்லை? 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியல் நகரின் விக்டோரியா சறுக்கு அரங்கில், ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் ஏற்பாட்டில், அணிக்கு ஒன்பது பேராக ஓர் ஆட்டம் நடந்தது. கூரைக்குக் கீழே, முறையாக நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதுவரை உறைந்த ஏரிகளில் பந்தை வைத்து ஆடியவர்கள்தான், ஆனால் நாலு சுவருக்குள், சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது பந்து எகிறினால் யார் மண்டையாவது உடையும். அதனால் தட்டையான வட்ட மரத்துண்டு ஒன்றை வைத்து ஆடினார்கள். ரப்பர் அப்புறம் வந்தது.

அடுத்த ஆண்டே, 1876இல், மாண்ட்ரியல் செய்தித்தாள் ஒன்றில் ‘பக்’ என்ற சொல் அச்சேறிவிட்டது. ஐரிஷ் மொழியில் ‘பாக்’ என்றால் அடி, குத்து. அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் மட்டையால் பந்தை அடிக்கும் அடிக்கு இன்றும் பக் என்றுதான் பெயர். அங்கிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்களோடு சொல்லும் வந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அடிக்குச் சொன்ன பெயர் அடிபடும் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. (நம் ‘பக்கென்றது’க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 2012இல் ஸ்டெனோ சாரா என்ற ஆட்டக்காரர், யார் வேகமாக அடிப்பது என்ற போட்டியில் மணிக்கு 175 கி.மீ. வேகத்தில் அடித்தாரே, அதற்கு எதிரே கோல் காவலர் நின்றிருந்தால் பக்கென்றுதான் இருந்திருக்கும்.)

மற்ற மொழிக்காரர்கள் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கியூபெக் பிரெஞ்சில் ‘ரோந்தெல்’, ரஷ்ய மொழியில் ‘ஷாய்பா’. இரண்டுக்கும் போல்ட்டில் மாட்டும் வாஷர் என்ற பொருளும் உண்டு. பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆட்டத்துக்கே ‘யாகியெக்கோ’, அதாவது ஐஸ்வட்டு, என்று பெயரிட்டுவிட்டார்கள். அது சரியான பெயர் என்பேன், ஏனென்றால் ஆட்டத்தின் விதிகள் பலவும் பக்கைச் சுற்றித்தான் ஓடுகின்றன. அணிக்கு ஆறு பேர், 20 நிமிடமாக மூன்று பகுதிகள் என்பதையெல்லாம் ஒரு தடவை கேட்டாலே போதும். ஆஃப்சைடுதான் குழப்பும்: எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டை பக் தாண்டுவதற்கு முன் தாக்கும் அணியின் ஆள் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். தன் பாதியிலிருந்து ஓங்கி அடித்த பக், யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் போனால் அது ஐசிங்; ஆட்டத்தை நிறுத்தி, அடித்த அணியின் பக்கத்துக்கே பக்கைக் கொண்டுவந்து போடுவார்கள். கோல் என்றால் பக் முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், விளிம்பு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் செல்லாது.

சரி, தமிழில்? ‘வளைகோல் பந்தாட்டம்’ என்பதற்கு முன்னால் ‘பனி’ சேர்த்து எழுதுவதில் எனக்கு இரண்டு சங்கடம். இதில் பந்தே கிடையாது. அப்புறம், பனி என்றதும் நமக்கு மார்கழிப் பனிதான் ஞாபகம் வரும், கெட்டியான ஐஸ்தளம் வராது. ‘பனிக்கட்டி வளைதடியாட்டம்’ பொருத்தமான சொல்தான், ஆனால் நீளம். பேச்சில் ஐஸ் ஹாக்கி என்றே இருக்கட்டும்.

பக்குக்கு நான் எடுப்பது வட்டு. வட்டெறிதல் பள்ளி மைதானத்திலேயே பழகிய சொல், கருப்பட்டியையும் வட்டுக் கணக்கில் எண்ணுகிறவர்கள் உண்டு. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று குறளிலேயே (401) வட்டு ஆட்டக்காயாக வருகிறது. பரிமேலழகர் அதற்கு உண்டை உருட்டல் என்று உரை சொல்கிறார், அதனால் வள்ளுவர் காலத்து வட்டு தட்டையானதுதான் என்று சாதிக்க முடியாது. ஆனால் கோடு கிழித்த தளத்தில் ஆடும் காய்க்கு அந்தப் பெயர் இருந்தது என்பது போதும். சில்லு என்றும் சிலர் கேட்கலாம். பாண்டி ஆட்டத்துச் சில்லும் தரையோடு தேய்த்துக்கொண்டு போவதுதான், ஆனால் சில்லு என்றால் உடைந்த துண்டு, இப்போது கணினிச் சில்லும் சேர்ந்துகொண்டது. ‘வட்டு கோட்டைத் தாண்டியது’, ‘வட்டைக் கடத்திக் கொடுத்தார்’ என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது.