சொல் விளக்கம்: டிஸ்பாட்சர்

அறுவடைக் காலத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு லாரி ஆபீசில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்தச் சொல்லுக்கு அகராதியே வேண்டாம். அங்கே ஒருவர் காதில் ஒரு போன், மேசையில் இன்னொரு போன். "நீடாமங்கலம் கேட் போட்டுட்டானா? எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்று ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட டிரைவரைக் கேட்பார். அந்தப் பேச்சு முடியும் முன்பே, கிடங்கில் இறக்க ஆள் இருக்கிறார்களா என்று அடுத்த போனில் விசாரிப்பார். எந்த லோடுக்கு எந்த வண்டி, எந்த டிரைவர், எத்தனை மணிக்குக் கிளம்புவது, சிமென்ட் என்றால் ஜிஎஸ்டிக்கான இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்லும் மின் சீட்டு) போட்டாயிற்றா, காலியாகத் திரும்பாமல் ரிட்டர்ன் லோடு உண்டா, எல்லாம் அவர் தலையில். அவர்தான் டிஸ்பாட்சர். நம்மூரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'ஆபீஸ்ல சொன்னாங்க' என்று டிரைவர்கள் சொல்லும் அந்த 'ஆபீஸ்' இவர்தான். கமிஷனுக்கு லோடு பிடித்துத் தரும் லாரி புரோக்கர் வேறு ஆள்.

ஆங்கிலத்தில் 'டிஸ்பாட்ச்' 16-ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. இத்தாலியம் அல்லது ஸ்பானியம் வழியாக. விரைந்து முடி, அனுப்பிவை என்று பொருள். வேரில் இருப்பது தடையை அகற்றுதல். அலுவலகத் தபால் பிரிவின் 'டெஸ்பாட்ச்' இதே சொல்தான், எழுத்து மட்டும் வேறு.

சரி, தமிழில்? 'அனுப்புநர்' உதவாது. கடித உறையில் அது கடிதம் எழுதியவரையும் லாரி ரசீதில் சரக்கை ஏற்றிவிடுபவரையும் குறித்துவிட்டது. கிடங்குக்கு நெல் ஏற்றுவதை 'இயக்கம்' என்கிறார்கள்; அதற்காக 'இயக்குநர்' என்றால் சினிமாக்காரர் வந்து நிற்பார். 'போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்' தப்பில்லை. ஆனால் போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீடாமங்கலம் கேட்டே திறந்துவிடும்.

எனக்குப் பிடித்தது 'போக்கு' என்ற வினை. போகச் செய்வதும் போக்குதல்தான், பசியைப் போக்குவது போல நீக்குவதும் போக்குதல்தான். டிஸ்பாட்சின் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் லாரிக்காகக் காத்துக் கிடக்கையில் மேகம் திரண்டால், வண்டியை அனுப்புவதும் தேக்கத்தை நீக்குவதும் ஒரே வேலைதானே?

ஆகவே 'வண்டிப் போக்குநர்' என்று சொல்லிப் பார்க்கலாம். வழிப்போக்கன் போகிறவன், போக்குநர் போகவைப்பவர்.